வாசற்படிக்கு முன்னால் ஒரு பாய் அகலம்

மகனே,

எழுதுவதற்கே முதலில் என்னைப் பொறுத்துக்கொள். படகில் ஏறினால் அரை நாளில் உன் வாசலில் இறங்கிவிடலாம். நேரில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறாளே என்று உனக்கு வருத்தமாக இருக்கும். இந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை துறைக்குப் போனேன். மூன்று முறையும் படகில் வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பேச வராது. சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்தே நான் அப்படித்தான். கோட்டைத் தெருவுக்கு மீன் கூடை சுமந்து போன வயதில், உபதேசியார் பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே குந்திக்கொண்டு, உள்ளே பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்து மணலில் விரலால் எழுதிப் பழகினேன். ஒரு நாளும் உள்ளே போய் உட்காரவில்லை. நம் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான் என்பது உனக்கும் உன்னைப் பெற்ற நைனாவுக்கும்தான் தெரியும். குப்பத்தில் மற்றவர்களுக்கு இன்றைக்கு வரைக்கும் நான் வாய் திறக்காத மீன்காரி. இந்தத் தாள்களைக்கூட உபதேசியார் வீட்டம்மாவிடம் மருந்து மடிக்க வேண்டும் என்று பொய் சொல்லித்தான் வாங்கினேன்.

போன வாரம் படகுக்காரரிடம் நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. புது வீட்டு வாசலுக்கு என்ன போடுவது என்று அம்மாவைக் கேட்டு வாருங்கள் என்று சொன்னாயாம். கொத்தனார் சுண்ணாம்புத் தளம் என்கிறார், காட்டுப்பள்ளியிலிருந்து உன் மாமனார் கருங்கல் கொண்டுவந்து இறக்குகிறேன் என்கிறார், உனக்கு முடிவெடுக்க வரவில்லை, வெள்ளிக்கிழமை வேலை தொடங்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். வாசலை முழுக்க மூடப் போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு தரைக்கா இத்தனை பயம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாமனார் மனம் நோகாமல் கருங்கல்லை மறுத்துவிடு. கப்பலுக்குப் பாரம் வேண்டும் என்று அடியில் போட்டுக்கொண்டு வந்து, சரக்கு ஏற்றும்போது கரையில் தள்ளிவிடுகிற கற்கள் அவை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் அதன் மேல் கால் வைத்துப் பார். மீன் காயப்போட்டால் அடிப்பக்கம் வெந்து மேல்பக்கம் பச்சையாக இருக்கும், நாற்றம் எடுத்துவிடும். மழையை அது ஒரு சொட்டுகூடக் குடிக்காது. உனக்கு ஏழு வயதாக இருந்தபோது கார்த்திகையில் விடாமல் மழை பெய்ததே, நினைவிருக்கிறதா? நம் மணல் வாசலில் விழுந்த தண்ணீர் மறுநாளே உள்ளே இறங்கிவிட்டது. ஊர்த் தலைவர் வீட்டில், கோட்டையில் இருக்கிற ஒல்லாந்தர் வீட்டைப் பார்த்து வாசலெல்லாம் செங்கல் பரப்பியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் பத்து நாள் பலகை போட்டு அதன் மேல் நடந்தார்கள். நீயும் உன் கூட்டாளிகளும் அங்கே போய்த் தவளை பிடித்தீர்கள். செங்கல்லை இந்த ஊர் உப்பும் விடாது. நாலு வருடத்தில் விரலால் தேய்த்தால் மாவாக உதிரும்.

மண்ணைக் குழைத்துச் சாணம் மெழுகுவது உள்நாட்டு ஊர்களுக்குச் சரி. மீஞ்சூர்ப் பக்கம் நெல் விளைகிற வீடுகளில் பார்த்திருக்கிறேன், வாசல் கண்ணாடி மாதிரி இருக்கும். இங்கே உவர் பூத்து, அப்பளம் மாதிரி பொரிந்து எழும்பிவிடும். ஆகவே கொத்தனார் சொல்வதுதான் சரி. சுண்ணாம்பையே போடு. சுண்ணாம்பு பற்றி எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு கோடைக்காலம் ஒல்லாந்தர் வீட்டு வேலைக்குச் சுண்ணாம்பு இடித்திருக்கிறேன். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி உடனே கலக்கச் சொன்னால் விடாதே. ஒரு மாதமாவது குழியில் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். சரியாக நீறாத ஒரு பொட்டு உள்ளே இருந்தாலும், எல்லாம் காய்ந்து, நீங்கள் அதன் மேல் படுத்துத் தூங்குகிற காலத்தில் அது ஈரம் குடித்துப் பொங்கி மேலே வெடிக்கும். உன் கொத்தனார் குழியில் ஊறியது எத்தனை நாள் என்று அவர் வாயால் சொல்ல வை. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் குறைக்க விடாதே. ஏரிப் பக்கமாகக் கட்டை விரல் அளவு சரிவு வைக்கச் சொல். மேலே கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. மழையில் உன் பெண்சாதி கங்கம்மா குடத்தோடு அதில் கால் வைத்தால் வழுக்கி விழுவாள். கொஞ்சம் சொரசொரப்பாகவே இருக்கட்டும்.

இவ்வளவுதான் நீ கேட்டது. இதோடு நிறுத்திவிட்டு உன்னை ஆசீர்வதித்து முடித்திருக்கலாம். நேற்று அப்படித்தான் ஒரு தாளை முடித்தேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன்.

நம் வாசலில் நான் ஏன் கடைசி வரைக்கும் மணலையே வைத்திருந்தேன் என்று நீ கேட்டதே இல்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கடற்கரையிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து வந்து சலித்துக் கொட்டுவேன். விளக்கு வைப்பதற்கு முன்னால் துடைப்பத்தால் இழுத்துத் தடவி, ஒரு சுவடும் இல்லாமல் விடுவேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அதைப் பார்ப்பேன். நண்டு போனது நூல் தைத்தது போல இருக்கும். கீரி வந்தால் நாலு நாலு பொட்டாகக் குதித்திருக்கும். பாம்பு போன தடம் தெரிந்தால் அன்றைக்கு விறகைக் கிளறாமல் உன்னைத் தொட விட மாட்டேன். இங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் நான் பார்த்தது போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருநாள் நான் தடவி முடித்த மணலில் நீ சாயங்காலம் வட்டம் வட்டமாக ஓடினாய். அப்போது உனக்கு ஐந்து வயது. உன்னைத் தூக்கி நிறுத்தி முதுகில் அடித்தேன். அதுவரை அடிக்காத அம்மா ஏன் அடித்தாள் என்று தெரியாமல் நீ அழக்கூட மறந்து என்னைப் பார்த்தாய். அந்த அடிக்கு இன்றைக்குத்தான் காரணம் சொல்லப் போகிறேன்.

உன் நைனா ஏரியில் சாகவில்லை.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். அழித்துவிடலாமா என்று பார்த்தேன். மை காய்ந்துவிட்டது. இனி சொல்லித்தான் ஆக வேண்டும்.

கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், கரைக்கு வர முடியாது. சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்குவது சலங்குப் படகு. உன் நைனாவுக்கு ஏரியில் மீன் பிடிக்கிற பங்காகப் பாடு உண்டு, முறை வரும்போது வலை போடுவார். முறை இல்லாத நாளில் சலங்குத் துடுப்புக்குப் போவார். அப்படி ஒருநாள் படகுப் பலகைக்கும் கப்பலுக்கும் நடுவில் நசுங்கித்தான் அவர் இடது காலில் சுண்டுவிரல் போனது. அதைப் பெரிய விஷயமாக அவர் நினைக்கவில்லை. கப்பல் மேல்தட்டில் ஏறி நின்றால் கரை எப்படித் தெரிகிறது என்பதைத்தான் வீட்டுக்கு வந்து சொல்வார். நம் குப்பம் அங்கிருந்து பார்த்தால் ஒரு கைப்பிடி உமி கொட்டினது போல இருக்குமாம். உனக்கு நாலு வயது நடந்த அந்த ஆடி மாதத்தில் வாயைத் திறந்தால் இதே பேச்சு. எந்தக் கப்பலில் ஆள் எடுக்கிறார்கள், போனவர்கள் எந்தத் தீவிலிருந்து எப்படித் திரும்பி வந்தார்கள் என்று. எனக்கு அப்போது இருபது வயது. உனக்குக் காய்ச்சல், வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது, நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உரக்கப் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"போறதுன்னா போ. சொல்லிக்கினு நிக்காத."

அவர் சிரித்தார். மறுநாள் காலையில் மணலில் அவர் சுவடு மட்டும் இருந்தது. இடது காலில் நாலு விரல். ஏரிப் பக்கம் போகவில்லை, கடல் பக்கம் போயிருந்தது. வலை கொடியிலேயே தொங்கியது. அவருடைய இரண்டாவது வேட்டியைக் காணவில்லை. கரைக்குப் போய்ப் பார்த்தேன், முந்தின நாள் நின்ற கப்பலையும் காணவில்லை. நான் சொன்னபடிதான் செய்திருந்தார். சொல்லிக்கொண்டு நிற்கவில்லை.

இப்போது பாடு பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, உன் பேரிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது எப்படி உன் பேருக்கு வந்தது என்று உனக்குத் தெரியாது. உன் நைனா போவதற்கு முந்தின வருடம் கோடிவீட்டு ஆள் ஒருவர் கப்பலேறிவிட்டார். ஊர் கூடியது. ஏரியில் செத்திருந்தால் பாடு பிள்ளைகளுக்குப் போகும், தானாக ஊரை விட்டுக் கடல் தாண்டினவனுடைய பாடு ஊருக்கே திரும்பும், அந்த வீட்டோடு யாரும் தண்ணீர் புழங்கக் கூடாது என்று தலைவர் சொன்னார். அந்தப் பெண்சாதி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் நாற்று நடப் போனாள். துறையில் அவளை ஏற்றிவிடக்கூட ஆள் வரவில்லை. நானும் போகவில்லை. வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அன்றைக்குக் காலையில் கரையிலிருந்து திரும்பி வந்து நம் வாசலில் நின்றபோது எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. நீ உள்ளே காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாய். துடைப்பத்தை எடுத்தேன். அந்தச் சுவடு ஒவ்வொன்றையும் பெருக்கினேன். பிறகு இறாலைக் கையால் தடவிப் பிடிக்கப் போகும்போது அவர் கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஓலைக்கூடையான பறியை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போய், ஆழம் பார்த்து விட்டெறிந்தேன். திரும்பி வந்து, பக்கத்து வீட்டில் இருந்த உன் அத்தையிடம், விடியுமுன்னே இறால் பிடிக்கப் போனவர் இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.

மூன்று நாள் தேடினார்கள், மகனே. ஊரில் இருந்த அத்தனை ஆண்களும் மார்பளவுத் தண்ணீரில் கைகோத்து நடந்து காலால் தடவினார்கள். மூன்றாம் நாள் பறி கிடைத்தது. உன் அத்தை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தட்டுவது போலத் தட்டினாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர் உன் நைனா ஒருவர்தான், தூக்கி வளர்த்தவள் அவள்தான். உனக்கு மொட்டை அடித்து ஏரியில் முழுக வைத்தார்கள். என் வளையலை உடைத்தார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் பாடு போகும், நாம் இருவரும் அந்தப் பெண்சாதி போன வழியில் போக வேண்டும் என்ற பயத்தில் வாயைக் கட்டிக்கொண்டேன். நான் பேசாதது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போனது.

உன் கல்யாணத்தன்று பந்தலுக்கு வராமல் அடுப்படிக்குப் பின்னால் நின்றேன் என்று என் மேல் கோபித்துக்கொண்டாயே, வெறும் கழுத்தோடு முன்னால் வரக் கூச்சப்பட்டேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். புருஷன் செத்தவளாக நின்றிருந்தால்கூட வந்திருப்பேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த ஒருத்தி அந்தக் கழுத்தோடு எப்படி வந்து அட்சதை போடுவது?

உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

ஆடி அமாவாசைக்கு உன் அத்தை படைத்துவந்த படையல் உனக்குத் தெரியும். தண்ணீரில் போய் உடம்பு கிடைக்காதவனை வீட்டுக்குள் கூப்பிட முடியாது என்று வாசலிலேயே ஏரியைப் பார்த்து இலை போடுவாள். சோறு, வறுத்த மடவை மீன், அவருக்குப் பிடித்த இறால் தொக்கு. நாய் தொடாமல் இலை மேல் கூடையைக் கவிழ்த்து வைப்பாள். பிறகு சுற்றிலும் மணலை உள்ளங்கையால் தடவித் தடவி மழமழவென்று விடுவாள். செத்தவன் வந்தால் விடிகாலையில் ஏதாவது ஒரு சுவடு இருக்கும் என்பது அவள் நம்பிக்கை. ஒரு வருடம் காக்காய் கால் இருந்தது. ஒரு வருடம் நண்டு. அதற்கே அவள் கும்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னாடி ஊமைக்கோட்டான், உனுக்குக் கண்ணுல தண்ணி வராதா" என்பாள். திட்டுவாளே தவிர என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சாயங்காலம் மீனில் நல்லதாக ஒன்று எடுத்து உனக்கென்று கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போவாள்.

உனக்குப் பதினொரு வயது நடந்த வருடம் புழுக்கம் தாங்கவில்லை. படையல் வைத்த வாசலில் படுக்காதே என்று அத்தை திட்டத் திட்ட, நீ வாசற்படியோரம் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாய். விடிகிற வெளிச்சத்தில் நான் கதவைத் திறந்தேன். மணலில் ஒரு ஆளின் சுவடு இருந்தது. கடல் பக்கத்திலிருந்து வந்திருந்தது. இடது காலில் நாலு விரல்.

சுவடுகளின் பக்கத்தில் என் கால் படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கூடைக்குப் பக்கத்தில் அவர் குந்திய இடம் இருந்தது, விரல் நுனிகள் ஆழமாகப் பதிந்திருந்தன. கூடை கவிழ்த்தபடியே இருந்தது. தூக்கிப் பார்த்தேன். சோறு இல்லை. மீன் முள் ஒரு ஓரமாக வைத்திருந்தது. இலையைத் தன் பக்கமாக மடித்திருந்தார். சாவு வீட்டுச் சோற்றுக்கு யாரும் அப்படி மடிக்க மாட்டார்கள், நல்ல காரியத்துப் பந்தியில்தான் அப்படி மடிப்பார்கள். இந்த ஊர்க் கணக்கில் தாம் செத்துவிட்டவர் என்பது அந்த இலையைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அங்கிருந்து சுவடு வாசற்படிக்கு வந்தது. இரண்டு காலும் சேர்ந்து, குதிகால் அழுந்தி, வெகுநேரம் நின்ற சுவடு. நான் உள்ளே கதவுக்கு ஒரு கை தூரத்தில்தான் படுத்திருந்தேன். கதவைத் தட்டவில்லை. பிறகு உன் பாய்க்குப் பக்கத்தில், உன் தலைமாட்டில், இரண்டு முழங்கால் குழி இருந்தது. ஒரு உள்ளங்கை ஊன்றின அடையாளம் இருந்தது. அதற்குப் பிறகு கடல் பக்கம் போயிருந்தது.

அவர் பின்னாலேயே ஓடியிருக்கலாம். அந்த நேரத்துக்குச் சலங்கு புறப்பட்டிருக்காது. ஆனால் ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள். ஏழு வருடம் கைம்பெண்ணாக இருந்தவள் யார் பின்னால் ஓடுகிறாள் என்று கேட்பார்கள். உன் பாடு, உனக்குப் போட்ட மொட்டை, மூன்று நாள் தண்ணீரில் நடந்த ஆண்கள், அத்தையின் மடியில் இருந்த பறி, எல்லாம் ஒரேயடியாக என் கண் முன்னால் வந்தன. அதற்குள் அத்தை வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. துடைப்பத்தை எடுத்தேன். முதலில் வாசற்படி. பிறகு கூடையைச் சுற்றி. கடைசியில் உன் தலைமாட்டிலிருந்த அந்த இரண்டு குழிகளை. நீ புரண்டு படுத்தாய்.

அத்தை வந்து கூடையைத் தூக்கினாள். மடித்த இலையைப் பார்த்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "வந்துகீறான்டி. துன்ட்டு எலைய மடிச்சி வச்சிட்டுப் போய்கீறான்" என்றாள். அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் நிஜம். பிறகு சுவட்டைத் தேடினாள். தேடிக்கொண்டே என் கையைப் பார்த்தாள்.

"பெருக்கிட்டியா?"

"தெரியாம பெருக்கிட்டேன், அண்ணி."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏழு வருசமா இந்த மண்ணத் தடவி வச்சிக்கினு கீறேன். உனுக்கு இன்னைக்குத்தான் தொடப்பம் கைக்கு வந்துச்சா?"

அதற்குப் பிறகு என்னைத் திட்டுவதையே விட்டுவிட்டாள். சாகிற வரைக்கும், இரண்டு ஆடிக்கு முன்னால் அவள் கண்ணை மூடுகிற வரைக்கும், ஒவ்வொரு அமாவாசைக்கும் இலை போட்டாள், மணலைத் தடவினாள். முந்தின நாள் சாயங்காலமே என் துடைப்பத்தை வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொள்வாள். மறுபடி ஒரு சுவடும் வரவில்லை. கடைசிக் காய்ச்சலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எத்தனை முறை வாயைத் திறந்தேன் தெரியுமா? நீ கஞ்சி கொண்டுவருவாய், நான் மூடிக்கொள்வேன். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அவள் எப்படிப் போயிருப்பாள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளுக்குச் செய்ததற்கு எனக்கு மன்னிப்பு இல்லை. அதை உன்னிடம் கேட்கவும் இல்லை.

உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமென்றால் இது ஒன்றைத்தான் சொல்ல முடியும். கங்கம்மா கோபத்தில் போ என்று சொன்னால், போவதற்கு முன்னால் ஒருமுறை அவள் முகத்தைப் பார். நீ அவளிடம் எதையாவது மறைக்க நேர்ந்தால், முதல் நாளே சொல்லிவிடு. இரண்டாம் நாள் கொஞ்சம் கடினம். ஏழாம் வருடம் முடியவே முடியாது.

இந்தத் தாள்களை என்ன செய்வது என்பது உன் விருப்பம். அடுப்பில் போட்டாலும் சரி. தலைவர் இப்போது வேறு ஆள், உன் வயதுக்காரர்தான். ஊரைக் கூட்டி நீயே இதைப் படித்தாலும் சரி, நான் வந்து நிற்கிறேன். உன் பாடு என் பொய்யால் வந்தது என்று உனக்கு அது கசந்தால், அதை நீ விட்டுவிட்டாலும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். எனக்கு இப்போது அந்தப் பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்திருக்கிறது.

உன் வீடு கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சலங்கிலிருந்து இறங்குகிற எவரும் உன் வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். இது ஆடிக் காற்று அடிக்கிற காலம், கப்பல்கள் வருகிற காலம். உயிரோடு இருந்தால் அவருக்கு இன்னும் தலை முழுதாக நரைத்திருக்காது. நடை, முகம், பேசும்போது தோளைத் தூக்குவது, எல்லாம் நீ அவரேதான், துறையில் அவர் யாரைக் கேட்டாலும் உன் வீட்டைக் கை காட்டிவிடுவார்கள். அவர் பகலில் வர மாட்டார், கதவையும் தட்ட மாட்டார், செத்தவனாக வந்து நின்றுவிட்டுத்தான் போவார். சுண்ணாம்புத் தளத்தில் அவர் எத்தனை முறை வந்து நின்றாலும் ஒன்றும் தெரியாது. காலையில் கங்கம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள். அந்தத் தளத்தைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே கொத்தனாரிடம் சொல். வாசல் முழுக்கச் சுண்ணாம்பு போடட்டும், நான் சொன்னபடி சரிவு வைக்கட்டும். வாசற்படிக்கு முன்னால் மட்டும் ஒரு பாய் அகலம் விட்டுவிடச் சொல். என்ன காரணம் என்று கேட்டால் அம்மாவுக்குப் பைத்தியம் என்று சொல், பரவாயில்லை. அங்கே சலித்த கடல் மணல் போடு, நானே இரண்டு கூடை அனுப்புகிறேன். விளக்கு வைப்பதற்கு முன்னால் கங்கம்மாவை அதைத் தடவிவிடச் சொல். காலையில் கதவைத் திறப்பவர் முதலில் கீழே பார்த்துவிட்டுக் கால் வையுங்கள்.

இடது காலில் நாலு விரல் இருக்கும். அப்படி ஒன்று இருந்தால், யார் கையிலும் துடைப்பத்தைக் கொடுக்காதே. நீ நேராகத் துறைக்கு ஓடு, நான் ஓடாத ஓட்டத்தை ஓடு. போவதற்கு முன்னால் அந்தச் சுவட்டின் மேல் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னை அழைத்துவரப் படகு அனுப்பு. நான் வந்து பார்க்கும்வரை கூடையை எடுக்காதே.

அம்மா